350-ஐயும் 600-ஐயும் தாண்டாதீர்கள்: கரண்ட் பில் பற்றி சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு மின்சாமான் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். காத்தாடி, ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின் எல்லாம் வரும். அண்மைக் காலமாகச் சாமானோடு பில்லும் வருகிறது. "இதைக் கொஞ்சம் பாருங்கண்ணே" என்று கவுன்டரில் விரித்து வைப்பார்கள். தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வருபவரும் தாமான் குடியிருப்பில் இரண்டு மாடி வீட்டில் இருப்பவரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

கீழே உள்ள கட்டணக் கணக்கெல்லாம் தீபகற்ப மலேசியாவுக்கு உரியது. 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள வீட்டுக் கட்டணம் அது. சபா, சரவாக்கில் மின்சாரம் தருவது வேறு நிறுவனங்கள், விலையும் வேறு.

போன மாதத்தைவிட நாலைந்து யூனிட்தான் கூட. பில் எப்படி 15 வெள்ளி (ரிங்கிட்) ஏறியது?

மீட்டரில் கோளாறு என்று நினைத்துச் சண்டைக்குக் கிளம்பாதீர்கள். பெரும்பாலும் நீங்கள் ஒரு படியைத் தாண்டியிருப்பீர்கள்.

பழைய கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100க்கு 33.4 சென், அதற்கு மேல் 51.6 சென் என்று போகும். அதில் ஒரு யூனிட் கூடினால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் விலை. இப்போது அப்படி இல்லை. மாதம் 1,500 யூனிட் வரை எல்லாருக்கும் ஒரே அடிப்படை விலை: மின்சாரத்துக்கு 27.03 சென், மின் உற்பத்தித் திறனுக்கான கபாசித்தி கட்டணம் 4.55 சென், கம்பி வழிக் கட்டணம் 12.85 சென். கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அதிலிருந்து 'இன்செந்திஃப் செக்காப் தெனாகா' என்று ஒரு கழிவு தருகிறார்கள். நம் பில்லின் தலையெழுத்து அந்த வரியில்தான் இருக்கிறது.

200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. 250 வரை 24.5, 300 வரை 22.5, 350 வரை 21. அங்கிருந்து சடாரென்று இறங்கி, 351 முதல் 400 வரை 17 சென்தான். பிறகு 450 வரை 14.5, 500 வரை 12, 550 வரை 10.5, 600 வரை 9. அப்படியே தேய்ந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது.

முக்கியமான சங்கதி, இந்தக் கழிவு நீங்கள் பயன்படுத்திய அத்தனை யூனிட்டுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. படியைத் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அல்ல. 350 யூனிட்டுக்கு 82 வெள்ளி. 351 யூனிட்டுக்கு 96 வெள்ளி 28 சென். ஒரே ஒரு யூனிட்டுக்கு 14 வெள்ளிக்கு மேல் வித்தியாசம்! இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் வைத்தால் ஆகிற யூனிட் அது.

600-ல் என்ன இருக்கிறது?

அங்கே அடி இன்னும் பலம். 600 யூனிட்டுக்கு 212 வெள்ளி 58 சென். 601 ஆனால் கழிவு 9 சென்னிலிருந்து 7.5 சென்னாகக் குறைகிறது; அதோடு மாதத்துக்கு 10 வெள்ளி 'சாஜ் பெருன்சித்தான்' என்ற சில்லறைக் கட்டணமும் ஏறுகிறது. மொத்தம் 231 வெள்ளி 95 சென். கூடவே 600க்கு மேல் போகிற யூனிட்டுகளுக்கு 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு. எரிபொருள் விலையை ஒட்டி மாதா மாதம் மாறும் 'ஏ.எஃப்.ஏ.' என்ற சரிக்கட்டலும் அதற்கு மேல்தான் வரும். அது ஒரு மாதம் கூட்டும், ஒரு மாதம் கழிக்கும்.

300-ஐத் தாண்டினால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு 1.6 விழுக்காடு சேரும். பில்லில் 'கே.டபிள்யூ.டி.பி.பி.' என்று இருக்கும். அது பெரிய தொகை இல்லை, விட்டுவிடுங்கள்.

அப்படியென்றால் நான் எவ்வளவு குறைக்க வேண்டும்?

பில்லில் வெள்ளியைப் பார்க்கும் முன் யூனிட்டைப் பாருங்கள். கிலோவாட் மணி என்று போட்டிருப்பதுதான் யூனிட். கடைசி ஆறு பில்லை எடுத்து யூனிட்டை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். 390, 402, 385 என்று வந்தால் உங்கள் இலக்கு 345. பாதியாகக் குறைக்கிறேன் என்று சபதம் எடுக்க வேண்டாம். நாற்பது, ஐம்பது யூனிட் போதும். 390 யூனிட்டுக்கு 106 வெள்ளி 98 சென்; 345க்கு 80 வெள்ளி 83 சென். 26 வெள்ளி மிச்சம்.

அதே வேளையில் 340-ல் இருப்பவர் உயிரைக் கொடுத்து 310-க்கு வந்தால் 7 வெள்ளிதான் மிஞ்சும். அவர் 300-க்குக் கீழே இறங்கினால் பார்க்கலாம். இல்லாவிட்டால் 350-ஐத் தாண்டாமல் காவல் காத்தாலே போதும். படி எங்கே என்று தெரிந்துகொண்டு குறைப்பது ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு குறைப்பது வேறு.

மாத நடுவில் ஒரு தடவை மீட்டரைப் பாருங்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் மைடிஎன்பி செயலியில் அன்றாடக் கணக்கே தெரியும். பேரப்பிள்ளையைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் போட்டுக் கொடுப்பான்.

வீட்டில் அதிகம் இழுப்பது எது?

எல்லாரும் உடனே ஏர்கோன் என்பார்கள். ஏர்கோன் இல்லாத வீட்டிலும் பில் ஏறுகிறதே? அங்கே குற்றவாளி பெரும்பாலும் குளியலறையில் சுவரில் தொங்கிக்கொண்டிருப்பான்.

சுடுதண்ணி ஹீட்டரின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். 3,600 வாட் என்று இருக்கும். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், கணக்கு அவ்வளவுதான். ஐந்து பேர், ஆளுக்குப் பத்து நிமிடம், ஆக 50 நிமிடம். அது 3 யூனிட். மாதத்துக்கு 90. இரண்டு காத்தாடி இரவும் பகலும் ஓடினால் ஆகிற யூனிட்டை இந்த ஒரு பெட்டி குளியல் நேரத்திலேயே தின்றுவிடும்.

பிரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவர்கள் விடியற்காலை 5 மணிக்குக் குளிப்பதற்குச் சுடுதண்ணி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குளிர் எனக்கும் தெரியும். என் அப்பா பால்மரம் வெட்டியவர். ஆனால் சாயங்காலம் பள்ளி விட்டு வருகிற பிள்ளைக்கு எதற்கு? நாளெல்லாம் வெயிலில் காய்ந்த தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும். சோப்புப் போடும்போது மூடிவிட்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பழக்கினால் 45 யூனிட் போகும். மேலே சொன்ன 390-க்கும் 345-க்கும் இடையிலுள்ள தூரம் அதேதான்.

ஹீட்டர் உள்ள வீட்டில் ஒரு எச்சரிக்கை. ஹீட்டர் போட்டால் சுவிட்ச் டக்கென்று விழுகிறது என்று சொல்லி, கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் அந்தச் சுவிட்சையே கழற்றிவிட்டு நேரடியாகக் கம்பி கொடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஹீட்டருக்கு 10 மில்லியம்பியரில் துண்டிக்கும் சுவிட்ச் இருக்க வேண்டும். அது விழுகிறதென்றால் உங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

ஏர்கோன் போட்டுத்தான் ஆக வேண்டும். எப்படிக் குறைப்பது?

ஒரு குதிரைசக்தி ஏர்கோன் இரவு 8 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 150 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை பெரிதாக இருந்தாலோ 18-ல் வைத்தாலோ இன்னும் கூடும். 25-ல் வைத்து, கூடவே காத்தாடியை ஒன்றில் சுழல விடுங்கள். அரசாங்க அலுவலகங்களிலேயே 24-க்குக் கீழே வைக்காதீர்கள் என்றுதான் உத்தரவு. பிறகு டைமர். விடியற்காலை 4 மணிக்கு ஏர்கோன் தானாக நின்றுவிட்டால் தூங்குகிற யாருக்கும் தெரியாது. ஆறு மணி வரையுள்ள அந்த இரண்டு மணி நேரத்திலேயே 30 யூனிட் மிஞ்சும்.

வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குழாயில் கழுவுங்கள். செம்மண் சாலை ஓரத்து வீடென்றால் வாரம் ஒருமுறை. செம்பனை லாரி போகிற பாதையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் இன்வெர்ட்டர் வாங்குங்கள். பழையது ஓடுகிறதென்றால் அதற்காகவே தூக்கிப் போட வேண்டாம்.

ஐஸ்பெட்டியை இரவில் அணைத்து வைக்கலாமா?

வேண்டாம். காலையில் போட்டதும் விட்ட குளிரையெல்லாம் மறுபடி இழுக்கும்; மீனும் கெடும்.

அதற்குப் பதில் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு கடை ரசீதைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். (சிலர் வெள்ளி நோட்டை வைத்துப் பார்க்கிறார்கள். இப்போதைய ஒரு வெள்ளி நோட்டு பிளாஸ்டிக், அது நல்ல ரப்பரிலும் வழுக்கும்.) ரப்பர் மாற்றுவது பெரிய செலவில்லை. அப்புறம், பின்பக்கம் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒரு கையளவு இடம் விடுங்கள். கொதிக்கிற குழம்பை அப்படியே உள்ளே தள்ளுவதையும் நிறுத்துங்கள்.

நல்ல நிலையில் உள்ள நடுத்தர ஐஸ்பெட்டி நாளுக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் எடுக்கும். இருபது வருடப் பெட்டி இரண்டு மடங்கு எடுத்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பல வீடுகளில் புதுப் பெட்டி வந்தாலும் பழையது பின்கட்டுக்குப் போய், இரண்டு போத்தல் குளிர்தண்ணிக்காக வருடம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீருக்கு மாதம் 60 யூனிட் கொடுக்கிறீர்கள்.

வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திரச் சீட்டைப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம்தான் சிக்கனம். அதில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்றும் போட்டிருக்கும், பன்னிரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்னச் சாமான்கள்?

சுடுதண்ணியை நாளெல்லாம் சூடாகவே வைத்திருக்கும் தெர்மோ பாட் மாதம் 20, 30 யூனிட் எடுக்கும். காலையில் ஒருமுறை கொதிக்க வைத்துப் பழைய பிளாஸ்கில் ஊற்றி வைத்தால் சாயங்காலத் தேநீர் வரைக்கும் தாங்கும். ரைஸ் குக்கரில் சோறு வெந்ததும் சுவிட்சை எடுத்துவிடுங்கள். இரவு வரை சூட்டிலேயே கிடந்தால் சோறும் மஞ்சளாகும், மாதம் 12 யூனிட்டும் போகும்.

குழல் விளக்கை எல்இடிக்கு மாற்றினால் செலவு பாதிக்கும் கீழே. இஸ்திரியை வாரத்துக்கு ஒருநாள் மொத்தமாக வையுங்கள்.

சாமி மேடையில் இரவும் பகலும் எரிகிற சிவப்பு விளக்கைப் பற்றி ஒரு பாட்டி தயங்கித் தயங்கிக் கேட்டார். ஐந்து வாட் விளக்கு மாதம் முழுக்க எரிந்தாலும் நாலு யூனிட்டுக்குள்தான். அது எரியட்டும், பாட்டி.

தகரக் கூரை வீடு. மதியம் அடுப்பு மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

மின்சாரக் கேள்வி மாதிரி தெரியாது. ஆனால் ஏர்கோன் வாங்க வைப்பதே இந்தக் கூரைதான். தகரத்துக்கும் சீலிங்குக்கும் இடையில் பளபளக்கும் வெப்பத் தடுப்புத் தாள் விரித்தால் நல்ல வித்தியாசம் தெரியும். சீலிங்கே இல்லாத பழைய லயத்து வீட்டில் முதலில் சீலிங் போடுங்கள். மேற்குப் பக்கச் சன்னலுக்கு வெளியே மறைப்புப் போடுங்கள். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே உள்ளே வந்திருக்கும். ஏழு மணிக்கு மேல் முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறந்து, காத்தாடியைச் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி வைத்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே தேங்கிய சூடு போய்விடும். அதன் பிறகு ஏர்கோன் போட்டால் அறை சீக்கிரம் குளிரும்.

சொருகினால் பில் பாதியாகும் என்று ஒரு பெட்டி விற்கிறார்களே?

வாங்காதீர்கள். நான் ஐந்தாறு பெட்டிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் பச்சை விளக்கும் இருக்கும். கெப்பாசிட்டர் செய்கிற வேலை தொழிற்சாலைக்கு வேண்டுமானால் பயன்படும். வீட்டு மீட்டர் உண்மையில் செலவான யூனிட்டை மட்டுமே எண்ணுகிறது, அதை இந்தப் பெட்டி ஒரு துளிகூடக் குறைக்காது. பச்சை விளக்குக்கு ஆகிற மின்சாரம்தான் கூடுதல்.

மீட்டரை மெதுவாக்கித் தருகிறேன் என்று வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது குற்றம். பிடிபட்டால் பழைய பாக்கியோடு வழக்கும் வரும், அவர் வரமாட்டார்.

எல்லாவற்றையும் குறைத்தாகிவிட்டது. பில் மட்டும் குறையவே இல்லை.

அப்படியென்றால் இந்தச் சோதனை செய்யுங்கள். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். எண் ஓடக் கூடாது, விளக்கு மினுக்கக் கூடாது. ஓடினால் மெயினுக்கு முன்பே யாரோ இழுக்கிறார்கள், அல்லது மீட்டரில் கோளாறு. தெனாகாவுக்குச் சொல்லுங்கள். ஓடவில்லை என்றால் மெயினைப் போட்டு, உள்ளே உள்ள சின்னச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எது போட்டதும் மீட்டர் பறக்கிறதோ அந்தப் பக்கம் தேடுங்கள்.

சில வருடங்களுக்கு முன் தோட்டத்து அக்கா ஒருவர் இப்படித்தான் வந்தார். கணவர் இறந்து, பிள்ளைகள் ஜொகூர் போய், தனியாள். ஆனால் பில் மட்டும் நாலு பேர் வீட்டுப் பில். போய்ப் பார்த்தேன். வீட்டுக்குள் ஒரு காத்தாடி, ஒரு பழைய டிவி, ஐஸ்பெட்டி, அவ்வளவுதான். பின்பக்கத்து சுவிட்சைப் போட்டதும் மீட்டர் துள்ளியது. கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அது கொல்லையைத் தாண்டி, வாழை மரத்துக்கடியில் போய், லயத்துக் கோடியில் இருக்கிற கோயிலில் முடிந்தது. ஏதோ ஒரு வருடத் திருவிழாவுக்கு அவர் கணவர்தான் "மூன்று நாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்த லைன். திருவிழா முடிந்தும் யாரும் கழற்றவில்லை. இரண்டு ஸ்பாட் லைட், மூன்று குழல் விளக்கு, ஒரு தண்ணீர் பம்ப், எல்லாம் அக்காவின் மீட்டரில்.

அக்கா கோபப்படவில்லை. "சாமிக்குத்தானே போச்சு" என்றார். ஆனால் மறுநாளே கழற்றச் சொன்னார்.

இரவில் மின்சாரம் மலிவு என்கிறார்களே?

நேரக் கணக்குக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. தானாக வராது, ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் கேட்டு வாங்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை உச்ச நேரம். அப்போது 27.03 சென்னுக்குப் பதில் 28.52 சென். மற்ற நேரமும் வார இறுதியும் பொது விடுமுறையும் 24.43 சென். மாதம் 400 யூனிட்டில் பாதியை உச்ச நேரத்தில் செலவழித்தால்கூட 2 வெள்ளி மிஞ்சும். 300 யூனிட் மலிவு நேரத்தில் போனால் 6 வெள்ளிக்கு மேல். பெரிய புதையல் இல்லை, ஆனால் நட்டமும் இல்லை. இரவெல்லாம் ஏர்கோன் ஓடுகிற வீட்டுக்குப் பொருந்தும். துணி துவைப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் இன்னும் நல்லது.

சூரிய சக்தித் தகடு போடலாமா?

மாதம் 200, 300 யூனிட் வீட்டுக்கு இப்போதைய கழிவோடு பார்த்தால் போட்ட பணம் திரும்ப நெடுங்காலம் ஆகும். 700, 800 யூனிட் தாமான் வீடு என்றால் விலை கேட்டுப் பார்க்கலாம். மிஞ்சிய சூரிய மின்சாரத்தைப் பில்லில் கழித்துக்கொள்ளும் பழைய நெம் திட்டம் 2025 ஜூன் 30-ஓடு முடிந்தது. இப்போது இருப்பது 2026 ஜனவரியில் தொடங்கிய சோலார் அத்தாப். விற்பனையாளர் பழைய திட்டக் கணக்கைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். தோட்ட நிர்வாகத்தின் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. கூரை நம்முடையது அல்ல.

வருமானம் குறைந்த குடும்பத்துக்கு உதவி உண்டா?

அரசாங்கத்தின் வறியோர் பதிவேடான இ-காசேயில் மிகவும் வறிய குடும்பமாகப் பதிவானவர்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை பில்லை அரசாங்கம் ஏற்கிறது. 25 சென் கழிவு போக 200 யூனிட்டுக்கு 38 வெள்ளி 86 சென்தான். ஆகவே 200-ஐத் தாண்டாவிட்டால் கையிலிருந்து ஒரு காசும் போகாது. ஆனால் பில் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இறந்துபோன தாத்தா பெயரிலேயே பத்து வருடமாக வந்துகொண்டிருக்கும் பில்களை நான் நிறையப் பார்க்கிறேன். பெயரை மாற்றிவிட்டுப் பிறகு உதவி கேளுங்கள்.

தாத்தா எந்நேரமும் விளக்கை அணைத்துக்கொண்டே இருக்கிறார். அதில் உண்மையிலேயே ஏதாவது மிஞ்சுகிறதா?

எல்இடி விளக்கில் பெரிதாக மிஞ்சாது. ஆனால் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். தோட்டத்தில் ஜெனரேட்டர் ஓடிய காலத்து ஆள் அவர். சாயங்காலம் போட்டு இரவு பத்துக்கெல்லாம் நிறுத்திவிடுவார்கள், அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். இத்தனைக்கும் பேராக் ஆற்றில் சென்ட்ரோ அணை 1930-லேயே மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிட்டது. நமக்கு ஒன்றும் தூரமில்லை. அதற்கும் முன்பு, 1894-ல், இந்த நாட்டில் முதன்முதலில் மின்சாரத்தைப் பயன்படுத்தியதாகப் பதிவானது சிலாங்கூரில் ரவாங் ஈயச் சுரங்கத்தில். செய்தவர்கள் சுரங்க முதலாளிகளான லோக் இயூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும். லயத்து வீட்டுக்கு அது வந்து சேரத்தான் அத்தனை காலம் ஆயிற்று.

தாத்தாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். தினமும் காலையில் மீட்டர் எண்ணைக் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். என் வீட்டில் அம்மா எழுதுகிறார். இந்த மாதம் 22-ஆம் தேதிக்குள் 270 யூனிட் ஆகிவிட்டது. அதனால் நேற்றிலிருந்து ஹீட்டர் சுவிட்சுக்கு மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டு வைத்திருக்கிறார்.